தோட்டப் பட்டறையில் ஒரு ஸ்பானர்: கருவியின் வரலாறும் சொல்லின் வரலாறும்



மொழியியல் படித்தவன் மேடையேறினால் வேர்ச்சொல்லைப் பற்றியோ வேற்றுமை உருபைப் பற்றியோ பேசுவான் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் இன்று ஓர் இரும்புக் கருவியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதன் நீளம் 12 அங்குலம். ஒரு முனையில் வாய் பிளந்த தலை, மறுமுனையில் கைப்பிடி. வாயின் ஒரு தாடை கைப்பிடியோடு ஒன்றாக அடித்துச் செய்யப்பட்டது, அது அசையாது. மற்றொரு தாடை, கட்டைவிரலால் உருட்டும் ஒரு சிறு திருகினால் முன்னும் பின்னும் நகரும். சிறிய நட்டுக்கும் பெரிய நட்டுக்கும் வாயைக் கூட்டியும் குறைத்தும் வைத்துக்கொள்ளலாம். கைப்பிடியில் பாதி தேய்ந்த நிலையில் சில ஆங்கில எழுத்துகள் உள்ளன. 'கிரசண்ட் டூல் கம்பெனி, ஜேம்ஸ்டவுன், நியூயார்க்' என்று அவற்றைப் படிக்கலாம்.

இது என் தந்தையார் விட்டுச்சென்ற பொருள். கோல சிலாங்கூர் மாவட்டத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் ஆலையில், இஞ்சின் அறையில் அவர் வேலை செய்தார். அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஆலையும் இன்று இல்லை. இந்த ஸ்பானரைச் செய்த ஜேம்ஸ்டவுன் பட்டறையும் இல்லை. மூன்றும் மறைந்த பின் எஞ்சியிருப்பவை ஒரு துண்டு இரும்பும் சில சொற்களும்தாம். இரும்பை என்னால் காப்பாற்ற முடிந்தது. சொற்களைக் காப்பாற்றினேனா என்னும் கேள்வியே இந்த உரைக்குக் காரணம்.

1. கருவி பிறந்த கதை

எந்திரங்கள் பெருகிய 19ஆம் நூற்றாண்டில் அவற்றைப் பூட்டவும் கழற்றவும் ஆயிரக்கணக்கான நட்டுகளும் போல்ட்டுகளும் வேண்டியிருந்தன. ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி மரை வெட்டிக்கொண்டது. ஒரு பட்டறையின் நட்டு மற்றொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. இக்குழப்பத்தைத் தீர்க்க 1841இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் மரைகளுக்கு ஒரு பொது அளவை முன்வைத்தார். அவர் வகுத்த மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் வேறோர் அளவை முன்வைத்தார். அவர் வகுத்த கோணம் 60 பாகை. இந்த 5 பாகை வேறுபாடு பின்னாளில் கோல சிலாங்கூர்த் தோட்டத் தொழிலாளியின் கைவரை வந்து சேர்ந்தது. அதைப் பின்னர்க் கூறுவேன்.

விட்வொர்த் தம் அளவை முன்வைத்த அதே 1841இல், அமெரிக்காவின் வூஸ்டர் நகரைச் சேர்ந்த லோரிங் கோஸ் என்பவர் திருகினால் வாய் நகரும் ஸ்பானர் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பெருங்கருவியாக விளங்கிய அவ்வகையைச் சுருக்கி, ஒரு கையில் அடங்கும் இன்றைய வடிவத்தைத் தந்தவர் சுவீடன் நாட்டு யோகான் பெட்டர் யோகான்சன். அவர் காப்புரிமை பெற்ற ஆண்டு 1892. அவர் வழிவந்த கருவிகளே 'பாக்கோ' என்னும் பெயரில் உலகெங்கும் விற்கப்பட்டன.

சுவீடனிலிருந்து குடியேறியவர்கள் நிறைந்த ஊர் ஜேம்ஸ்டவுன். அங்கே கார்ல் பீட்டர்சன் என்பவர் முன்னின்று தொடங்கிய கிரசண்ட் நிறுவனம் 1907இல் பிறந்தது. அதற்கு அடுத்த ஆண்டு மினசோட்டா மாநிலத்து டுலூத் நகரில் இன்னொரு நிறுவனம் தோன்றியது. அது முதலில் செய்தது ஸ்பானர் அன்று, குதிரை லாடம். பனியில் குதிரை வழுக்காமலிருக்க லாடத்தில் பொருத்தும் இரும்பு முளைகளை அது செய்து விற்றது. சாலைகளில் குதிரை குறைந்து மோட்டார் வண்டி பெருகியபோது லாடம் வாங்குவார் குறைந்தனர். உலையும் சம்மட்டியும் கைத்திறனும் இருந்தன. செய்பொருளை மட்டும் மாற்றினால் போதும். அந்நிறுவனம் ஸ்பானர் செய்யத் தொடங்கியது. 'டைமண்ட்' என்னும் அதன் முத்திரை நல்ல இரும்புக்குச் சான்றாக நெடுங்காலம் நின்றது.

டுலூத் நகரில் லாடத்தை ஒழித்து ஸ்பானரைப் பிறப்பித்த அதே மோட்டார் வண்டிதான், கோல சிலாங்கூரில் காட்டை அழித்து ரப்பரை நடச்செய்தது.

2. கோல சிலாங்கூருக்கு வந்த வழி

சிலாங்கூரில் துரைமார்கள் முதலில் பெரிதும் நம்பியது காப்பியை. பிரேசில் காப்பி உலகச் சந்தையை நிரப்பி விலை விழுந்தபின் ரப்பர் அவ்விடத்தைப் பிடித்தது. மோட்டார் வண்டிக்குச் சக்கர உறை வேண்டும், உறைக்கு ரப்பர் வேண்டும். 1920களில் உலக ரப்பரில் பாதிக்கும் மேற்பட்டதை அமெரிக்கா ஒன்றே வாங்கியது. விலையைக் காக்கப் பிரிட்டிஷ் அரசு 1922 முதல் 1928 வரை ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஸ்டீவன்சன் திட்டம் என்பது அதன் பெயர். அமெரிக்க ஆலை முதலாளிகள் கொதித்தெழுந்தனர். ஹென்றி ஃபோர்டு பிரேசில் காட்டில் தமக்கெனச் சொந்தத் தோட்டம் போடப் புறப்பட்டதும் அக்காலத்தில்தான். கோல சிலாங்கூரில் ஒரு தமிழ்ப்பெண் விடியற்காலையில் மரத்தில் இழுத்த உளியின் கோட்டுக்கும், அமெரிக்கத் தொழில்நகரின் விலைப்பட்டியலுக்கும் இடையே அத்தனை நெருங்கிய உறவு இருந்தது.

இம்மாவட்டத்துக்கு மற்றொரு வரலாற்றுச் சிறப்பும் உண்டு. பத்தாங் பெர்ஜுந்தையில், இன்று பெஸ்தாரி ஜெயா என வழங்கும் ஊரை அடுத்து, தென்னமரம் தோட்டம் இருக்கிறது. மலாயாவில் எண்ணெய்ப்பனை வணிக நோக்கோடு முதன்முதலில் நடப்பட்டது அங்கேதான். ஆண்டு 1917. நட்டவர் ஆன்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். மலாயாவைக் களமாக வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அத்தோட்டத்தின் பெயரைச் சற்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். அது நம் தென்னைமரமே. நாட்டின் முதல் எண்ணெய்ப்பனைத் தோட்டம் தமிழில் தென்னையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயர் தன் பொருளைவிட நெடுங்காலம் வாழவல்லது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இக்கருத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்து வேலை என்றால் மரம் வெட்டுவதும் பால் எடுப்பதும் மட்டுமே நம் கதைகளிலும் கவிதைகளிலும் இடம்பெறுகின்றன. ஆனால் காண்டாக் கம்பில் தூக்கிவந்த பால் ஆலைக்குள் நுழைந்தபின் நடப்பதும் தமிழர் உழைப்பே. பாலை வடிகட்டித் தொட்டியில் ஊற்றி, நீர் கலந்து, அமிலம் விட்டு உறையவைப்பார்கள். உறைந்த பாளத்தை உருளைகளுக்கிடையே விட்டுத் தகடாக்குவார்கள். தகட்டைப் புகைக்கூடத்தில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். உருளைகளைச் சுழற்றுவதற்கு இஞ்சின். இஞ்சினிலிருந்து உருளைக்குச் சக்தியைக் கொண்டுசெல்ல நீண்ட இரும்புத் தண்டும் தோல்வாரும். இவை இரவும் பகலும் அதிரும்; அதிர்ந்தால் நட்டு தளரும். தளர்ந்ததை இறுக்கியவண்ணம் இருப்பதே இஞ்சின் அறைக்காரரின் அன்றாட வேலை.

அந்த வேலைக்குத்தான் அசையும் தாடை வேண்டியிருந்தது. பிரிட்டிஷார் ஆண்ட நாடாகையால் தோட்டங்களில் லிஸ்டர், ரஸ்டன் போன்ற பிரிட்டிஷ் இஞ்சின்கள் இருந்தன. அவற்றின் நட்டுகள் விட்வொர்த் அளவு. போருக்குப் பின் அமெரிக்க டிராக்டர்கள் வந்தன. அவற்றின் அளவு வேறு. அதன்பின் ஜப்பானிய இஞ்சின்கள் மில்லிமீட்டர் கணக்கோடு வந்தன. பிரிட்டிஷ் ஸ்பானரில் பொறித்த எண் போல்ட்டின் தடிப்பைக் குறிக்கும். அமெரிக்க ஸ்பானரில் பொறித்த எண் வாயின் அகலத்தைக் குறிக்கும். ஆகவே 'அரை' என்று பொறித்த இரண்டு ஸ்பானர்களும் ஒரே நட்டுக்குப் பொருந்தா. இலக்கண மாணவர்கள் இதை ஒருசொல் பலபொருள் என்பார்கள். இஞ்சின் அறையில் அது கை வழுக்கி விரல்முட்டி பெயரும் செய்தி. பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் பொதுவான மரை அளவுக்கு உடன்பட்டது 1948இல்தான். பழைய இஞ்சின்கள் அதன்பின்னும் பல்லாண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன.

மூன்று நாட்டு எந்திரங்கள் ஒரே கூரையின்கீழ் நின்ற இடத்தில், மூன்றுக்கும் வாய் திறக்கும் கருவி ஒன்றே. என் தந்தையார் அதை எப்போதும் இடுப்பில் செருகியிருப்பார்.

3. சொல்லின் பயணம்

இக்கருவிக்கு உலக மொழிகள் இட்ட பெயர்களைத் தொகுத்தால் சுவையான உண்மையொன்று புலப்படும். பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் துருக்கியரும் இதை 'ஆங்கிலச் சாவி' என்கிறார்கள். நம் அண்டை நாட்டு இந்தோனேசியரும் 'குன்சி இங்கிரிஸ்' என்று அவ்வாறே சொல்கிறார்கள். பாரசீகர் 'பிரெஞ்சுச் சாவி' என்கிறார்கள். டேனிஷ்காரருக்கு இது 'சுவீடன் சாவி'. யார் கையிலிருந்து கருவி வந்ததோ அவர் பெயரே கருவியின் பெயராயிற்று. அமெரிக்கரோ நாட்டின் பெயரை விட்டு நிறுவனத்தின் பெயரைப் பிடித்தனர். யார் செய்தாலும் அவர்களுக்கு இது 'கிரசண்ட்' தான்.

மலேசிய வழக்கு இவற்றினும் அழகானது. மலாய் மொழியில் பட்டறைக்காரர் இதை 'ஸ்பானார் ஹீடுப்' என்பர். உயிருள்ள ஸ்பானர் என்பது அதன் பொருள். சீன மொழியிலும் இக்கருவியின் பெயரில் வரும் 'ஹுவோ' என்னும் சொல்லுக்கு உயிருள்ளது, அசைவது என்றே பொருள். பாடநூல் மலாயில் 'செப்பானா போலே லாராஸ்' என்பர். சரிசெய்யத்தக்க ஸ்பானர் என்பது அதன் பொருள், துல்லியமான பெயர்தான். எனினும் உயிருள்ள பெயர் எதுவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

'ஸ்பானர்' என்னும் சொல்லும் பல கை மாறியது. இழுத்து இறுக்குதல் என்னும் பொருளுடைய ஜெர்மானிய வினையிலிருந்து தோன்றி, பழைய துப்பாக்கியின் வில்லை முறுக்கும் சிறு கருவிக்கு ஆங்கிலத்தில் பெயராகி, பின்னர் நட்டு திருகும் கருவிக்கு உரியதாயிற்று. கண்டோனிய சீனர் அதைச் 'சி-பா-நா' என்றனர்; மலாய்க்காரர் ஸ்பானா, ஸ்பானார் என்றனர்; நாம் ஸ்பானர் என்றோம். பத்தாங் பெர்ஜுந்தைச் சந்தையில் சீனர் கடைக்குச் சென்று தமிழர் ஒருவர் மலாயில் இக்கருவியைக் கேட்டால், மூவருக்கும் புரியும் சொல் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

தமிழில் இதற்குத் திருகுசாவி, முறுக்குச்சாவி என்றெல்லாம் ஆக்கச்சொற்கள் உண்டு. நல்ல முயற்சிகளே. ஆயினும் தூய்மை நாடுவோர் ஒன்றைக் கருத வேண்டும். 'சாவி' என்பது 'ஷாவ்' என்னும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது. நம் பழஞ்சொல் திறவுகோல். ஆகவே ஒரு கடன்சொல்லை விலக்கி மற்றொரு கடன்சொல்லை உட்கார வைத்திருக்கிறோம். இதைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. கடையும் கப்பலும் பெட்டியும் மலாயில் கெடாய், காப்பால், பெத்தி என வாழ்கின்றன. மலாய்க்காரர் அவற்றை அயற்சொல்லாக எண்ணுவதில்லை. திசைச்சொல்லையும் வடசொல்லையும் நான்கு வகைச் சொற்களுள் சேர்த்தெண்ணிய தொல்காப்பியர் மரபில் வந்த நாம் கடன்சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இன்னொரு சொல்லையும் காட்ட வேண்டும். அறிவு நிலை தடுமாறியவனை 'மரை கழன்றவன்' என்று கேலியாகச் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மாணவர் பலர் இதை 'மறை' என்று எழுதுகிறார்கள். மறைக்கும் வேதத்துக்கும் இங்கு வேலையில்லை. மரை என்பது திருகாணியின் சுற்று. பட்டறையில் நட்டும் போல்ட்டும் ஆங்கிலத்தில் வழங்க, அவற்றைப் பொருத்தும் மரை மட்டும் தமிழாகவே நின்று, பட்டறையைக் காணாதவர் வாயிலும் வசையாக உலவுகிறது.

4. இரு வீழ்ச்சிகள்

இனி வீழ்ச்சியைப் பார்ப்போம். முதலில் அமெரிக்கா. போருக்குப் பின் ஜப்பானியக் கருவிகளும், பிறகு தைவான் கருவிகளும், இறுதியில் சீனக் கருவிகளும் குறைந்த விலையில் சந்தைக்கு வந்தன. உலையில் காய்ச்சிச் சம்மட்டிக்கூடத்தில் அடித்து, கடைந்து, பதப்படுத்தி, மெருகேற்றும் வேலைக்குக் கைகள் பல வேண்டும். எங்கே கூலி குறைவோ அங்கே வேலை போயிற்று. கிரசண்ட் நிறுவனத்தை 1960இல் ஒரு குழுமமும் 1968இல் கூப்பர் என்னும் பெருங்குழுமமும் வாங்கின. ஜேம்ஸ்டவுனில் உற்பத்தி நின்றது. டுலூத் நகரின் டைமண்ட் ஆலை 1990களில் மூடப்பட்டது. கிரசண்ட் என்னும் பெயரோ இன்றும் விற்கப்படுகிறது. அப்பெயர் தாங்கிய ஸ்பானர்களுட் பெரும்பாலானவை சீனாவில் செய்யப்படுகின்றன. கிராஃப்ட்ஸ்மன் என்னும் புகழ்பெற்ற முத்திரையை வாங்கிய நிறுவனம், கைக்கருவிகளை மீண்டும் அமெரிக்காவிலேயே செய்யப்போவதாக 2019இல் அறிவித்து டெக்சஸ் மாநிலத்தில் தானியங்கி ஆலை ஒன்றை எழுப்பியது. 2023இல் அதை மூடப்போவதாக அறிவித்தது. எந்திரம் மட்டும் இருந்தால் கருவி பிறந்துவிடாது. தலைமுறையாகக் கைமாறிய தொழிலறிவு ஒருமுறை அறுந்தால் பணத்தைக் கொட்டியும் அதை எளிதில் முடிய இயலாது.

அடுத்து நம் தோட்டங்கள். 1950களிலும் 60களிலும் பல தோட்டங்கள் துண்டு துண்டாக்கி விற்கப்பட்டன. தொழிலாளர் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தனர். அதைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1965இல் தரப்படுத்தப்பட்ட மலேசிய ரப்பர் என்னும் முறை வந்தது. கட்டியாக்கிய ரப்பரைப் பெரிய மைய ஆலைகள் செய்யத் தொடங்கியபின் தோட்டத்துக்கொரு சிற்றாலை தேவைப்படவில்லை. ரப்பர் நின்ற இடங்களில் எண்ணெய்ப்பனை ஏறியது. பனைக் குலைகளை அவித்து உதிர்த்துப் பிழியும் ஆலை ஒன்றே பல தோட்டங்களுக்குப் போதும். 1990களின் தொடக்கத்தில் ரப்பர் உற்பத்தியில் உலக முதலிடம் மலேசியாவிடமிருந்து தாய்லாந்துக்குச் சென்றது. தோட்டத்து மக்கள் கிள்ளானுக்கும் ரவாங்கிற்கும் ஷா ஆலாமிற்கும் பெயர்ந்தனர்.

ஸ்பானரின் தேவையும் மாறியது. 1972ஆம் ஆண்டின் எடைகள் அளவைகள் சட்டத்துக்குப் பின் நாடு மெட்ரிக் முறைக்குச் சென்றது. எல்லா நட்டும் மில்லிமீட்டரில் வந்தால் ஒரு பெட்டி ஸ்பானர் போதும். எந்திரம் பழுதானால் ஒப்பந்தக்காரர் வண்டியில் வந்து, தம் பெட்டியைத் திறந்து, வேலையை முடித்துவிட்டுச் செல்கிறார். இடுப்பில் ஸ்பானர் செருகிய இஞ்சின் அறைக்காரர் என்னும் ஒரு மனிதவகையே இல்லாமற்போயிற்று.

இரு வீழ்ச்சிகளும் ஒரே கயிற்றின் இரு முனைகள். ஜேம்ஸ்டவுன் கொல்லரும் கோல சிலாங்கூர்த் தொழிலாளியும் ஒருவரையொருவர் அறியார். ஒருவர் செய்த கருவியை மற்றவர் பிடித்தார். மற்றவர் எடுத்த பாலில் செய்த சக்கர உறையின்மேல் முன்னவர் வீட்டுக்குச் சென்றார். குறைந்த கூலி எங்கே என்று தேடிச் சென்ற அதே கணக்கு இருவரையும் தொழிலிலிருந்து இறக்கிவிட்டது.

5. பெயர் நிற்கும், வினை போகும்

கிரசண்ட் என்னும் பெயர் நின்றது. தென்னமரம் என்னும் பெயரும் நின்றது. பெயர்ச்சொல்லுக்குப் பாதுகாப்பு அதிகம். அதைப் பலகையில் எழுதலாம், இரும்பில் பொறிக்கலாம், அகராதியில் ஏற்றலாம். வினைச்சொல் கையோடு வாழ்வது.

பட்டறைத் தமிழைக் கூர்ந்து கேட்டால் ஒன்று விளங்கும். பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலம்: ஸ்பானர், நட்டு, போல்ட்டு, வாசர், இஞ்சின். வினைகளோ தமிழ். என் தந்தையார் நட்டை முதலில் விரலால் 'ஏற்றுவார்'. பிறகு அது போய் முட்டும்வரை 'முடுக்குவார்'. கடைசியாகக் கருவியைப் போட்டு 'இறுக்குவார்'. மூன்றும் மூன்று வேலைகள். ஏற்றாமல் முடுக்கினால் மரை கோணும். முடுக்காமல் இறுக்கினால் கருவி வழுக்கும்.

இதைவிட நுட்பமான வேறுபாடு ஒன்றும் அவர் பேச்சில் இருந்தது. கழற்றவேண்டிய நட்டு அசையாதபோது, 'இது இறுக்குனதா, இறுகுனதா?' என்று முதலில் கேட்பார். கேள்வியின் பொருள் எனக்குப் பல்கலைக்கழகத்தில் இலக்கணம் படித்தபின்தான் விளங்கியது. 'இறுகு' தன்வினை, 'இறுக்கு' பிறவினை. மனிதன் கையால் இறுக்கிய நட்டை எதிர்ப்புறம் திருகினால் கழலும். துருவேறித் தானே இறுகிய நட்டை அப்படித் திருகினால் போல்ட்டு முறியும். அதற்கு எண்ணெய் விட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டி, காத்திருக்க வேண்டும். தன்வினை பிறவினை வேறுபாடு அவருக்குத் தேர்வில் எழுதும் விடையன்று. எந்திரத்தைக் காக்கும் அறிவு. இன்று நாம் இரண்டையும் 'டைட்டா இருக்கு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஓர் ஆங்கிலச் சொல் வந்ததற்காக நான் வருந்தவில்லை. இரண்டு வேலைகளைப் பிரித்துக்காட்டிய அறிவு மறைந்துபோனதற்கே வருந்துகிறேன்.

என் குறையையும் இவ்வவையில் ஒப்புக்கொள்ள வேண்டும். முனைவர் பட்டத்துக்காகத் தோட்டங்களில் களப்பணி செய்தேன். லயத்து வீடுகளில் உட்கார்ந்து உறவுமுறைச் சொற்களையும் வேற்றுமை உருபுகளையும் ஒலிநாடாக்களில் பதிந்தேன். பெரட்டு, மண்டோர், கிராணி, காண்டா, மங்கு, கட்டிப்பால் என்று சொற்பட்டியல் போட்டு அவற்றின் மூலங்களை ஆராய்ந்தேன். அனைத்தும் பெயர்ச்சொற்கள். மாலையில் வீடு திரும்பினால் எண்ணெய்க் கறையோடு தந்தையார் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் ஒருநாளும் ஒலிப்பதிவுக் கருவியை நீட்டவில்லை. அவர் என் தந்தை. என் ஆய்வின் தகவலாளராக அவரை நான் எண்ணியதில்லை. இன்று எனக்கு நினைவிருக்கும் வினைகள் ஒரு கை விரல்களில் அடங்கும். அவரிடம் இருந்தவை எத்தனையோ.

தொழிலாளர் பேச்சு ஆய்வுக்கு உரியது என்பதை நம் இலக்கணம் என்றோ அறிந்திருந்தது. ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்று நன்னூல் வகைப்படுத்தியது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதை உரைகாரர்கள் அதற்கு எடுத்துக்காட்டினர். அண்டை மொழியான தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி வேளாண்தொழிற் சொற்களைக் களத்திலிருந்து தொகுத்து 1962இல் அகராதியாக வெளியிட்டார். பின்னர் நெசவுச் சொற்களுக்கும் அவ்வாறே ஓர் அகராதி வந்தது. தமிழில் கி. ராஜநாராயணன் என்னும் எழுத்தாளர், பல்கலைக்கழகத்தின் துணையின்றியே, கரிசல் வட்டார வழக்குக்கு அகராதி தொகுத்தார். மலேசியத் தோட்ட ஆலைத் தமிழுக்கும் அத்தகைய ஒரு தொகுப்பு வேண்டும்.

6. முடிவுரை

வாய் நகரும் ஸ்பானரைப் பிடிக்க ஒரு விதி உண்டு. இழுக்கும் பாரம் அசையாத தாடையின்மேல் விழுமாறு பிடிக்க வேண்டும். நகரும் தாடையின்மேல் பாரத்தைப் போட்டால் உள்ளேயிருக்கும் சிறு திருகு தேய்ந்து, வாய் தளர்ந்து, கருவி கெடும். மொழியிலும் அப்படியே. பெயர்ச்சொற்கள் நகரும் தாடை. காலத்துக்கும் எந்திரத்துக்கும் ஏற்ப அவை கூடும், குறையும். வினையும் அதன் இலக்கணமும் அசையாத தாடை. 'ஸ்பானரைப் போட்டு நட்டை இறுக்கு' என்னும் தொடரில் இரு பெயர்கள் அயலவை. உருபும் வினையும் நம்முடையவை. ஆகவே அது தமிழ்த் தொடர். கடன்பெற்ற பெயர்களை விரட்டுவதில் நம் வலிமையெல்லாம் செலவிடுவது நகரும் தாடையில் பாரம் போடுவதாகும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். தன்வினை பிறவினைப் பாடம் நடத்தும்போது பாடநூல் எடுத்துக்காட்டோடு நில்லாமல், வீட்டில் தொழில் செய்த பெரியவரிடம் ஐந்து வினைச்சொற்களைக் கேட்டுவர மாணவர்களை அனுப்புங்கள். 'இதன் பெயர் என்ன?' என்று கேட்டால் ஆங்கிலப் பெயரே கிடைக்கும். 'இதை வைத்து என்ன செய்வீர்கள்? தவறாகச் செய்தால் என்ன ஆகும்?' என்று கேட்கச் சொல்லுங்கள். அப்போது தமிழ் வரும். ஈஜோக்கிலும் ஜெராமிலும் புக்கிட் ரோத்தானிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் ஆலையில் நின்று தேய்ந்த கைகள் இன்னும் சில இருக்கின்றன. அவர்களுக்கு வயது எழுபதும் எண்பதும்.

மாணவமணிகளே, உரை முடிந்ததும் இந்த ஸ்பானரை இம்மேசைமேல் வைக்கிறேன். எடுத்துப் பாருங்கள். திருகை உருட்டினால் தாடை இன்றும் தடையின்றி நகரும். பார்த்து முடித்தபின் வீட்டுக்குச் சென்று, உங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ அந்தக் கேள்வியைக் கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.